செஞ்சிக்கு வராத சீனாக்காரன்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் எவன் எந்த நாட்டின்மேல் படையெடுத்தாலும், அவன் செஞ்சிக்கு எப்போது வருவான் என்றுதான் முதலில் கேட்பார்கள். வருவானா என்று கேட்கமாட்டார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மூன்று மலையும் அவற்றை வளைத்த மதிலும் கண்ணெதிரே நிற்கும்போது, இது எனக்கு வேண்டாம் என்று ஒருவன் சொல்லக்கூடும் என்பதே அவர்கள் புத்திக்கு எட்டாது.

பழைய படையெடுப்புகளைப் பற்றிக் கடைத்தெருவில் பேசுவதைக் கேட்டால் ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்துக்கொள்வீர்கள். மராட்டியன் வந்தான், இருக்கிற மதில் போதாதென்று இன்னொன்று கட்டினான், பரவாயில்லை. டில்லிக்காரன் வருஷக்கணக்காகக் கீழேயே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தான், பொறுமைசாலி. பாண்டிச்சேரிக்காரன் ஒரே ராத்திரியில் பிடித்தான், அப்புறம் நம் தூண்களைப் பேர்த்துக் கொண்டுபோய்த் தன் கடற்கரையில் நட்டுக்கொண்டான், திருட்டுப்பயல். வெள்ளைக்காரன்மேல்தான் ஊருக்குத் தீராத கோபம். அவன் பிடித்தான், பிடித்துவிட்டு இது எதற்கு என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். "புடிச்சவன் வச்சுக்கவாவது வேணாமா?" என்பார் என்னைப் பெற்ற நைனா. இருநூறு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். நேற்று நடந்ததுபோல முகம் சிவக்கும் அவருக்கு.

நைனாவுக்குக் கடைத்தெருவில் கயிறு, வாளி, ஏர்க்கொழு விற்கும் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அறுபத்திரண்டில், சீனாக்காரன் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று பஞ்சாயத்து ரேடியோவில் சொன்ன அன்று, எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன். மிலிட்டரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனியில் கல்யாணம், இருபது நாள் லீவு. ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பிரித்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களை அரசாங்கமே பிரித்து வைத்துவிட்டது, யாருக்கும் சிரமமில்லை. அவர் போனதும் நான் நைனா வீட்டுக்கே வந்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு கடிதம் போடுவார். மலை, குளிர், ரோடு மோசம், நீ சாப்பிட்டாயா, அவ்வளவுதான் இருக்கும். அதையே நான் ஏழெட்டு தடவை படிப்பேன். தீபாவளிக்கு முந்திய வாரம் வந்ததுதான் கடைசி.

ரேடியோ சொன்ன மலைகளில் ஒன்று அவர் கடிதத்தில் எழுதியிருந்த பெயராக இருந்தது. நைனாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்தவரிடம் திரும்பிக்கொண்டார்.

"திண்டிவனம் ரோட்ல வருவானா, திருவண்ணாமலை ரோட்ல வருவானா?"

"வடக்கேருந்து வர்றான். திண்டிவனம்தான்" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"அதுக்கு முன்னாடி மெட்ராஸ் இருக்குதே?"

"மெட்ராஸ்ல இன்னா இருக்குது? எல்லாம் சமதரை. அத்த வச்சுக்கினு இன்னா பண்ணுவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு வரப்போகிற சீனாக்காரன், என் வீட்டுக்காரருக்கு வந்தே விட்டானே! ஆனால் பெரியவர்கள் பேசும்போது நடுவில் புகுந்து பேசுகிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. பிற்பாடுதான் வந்தது.

ஐப்பசி கடைசியில் கடைத்தெருவில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எதிரி வந்தால் மலைமேல் ஏறிவிட வேண்டியது. ஊர் காலங்காலமாகச் செய்தது அதுதான். மேலே களஞ்சியம் இருக்கிறது, சுனை இருக்கிறது, பெண்டுபிள்ளைகளோடு மூன்று மாதம் தாங்கலாம். களஞ்சியத்தில் எத்தனை மூட்டை அடுக்கலாம், கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வரவேண்டும். நைனாவும் ஜவுளிக்கடைக்காரரும் போவதாக ஏற்பாடு. ஆகாயத்திலிருந்து குண்டு போடுகிற காலத்தில் கோட்டைமேல் ஏறி நின்றுகொள்வது எப்படிப்பட்ட யோசனை என்று ஒரு ஆள் கேட்கவில்லையே! படித்தவர்களும்தான் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"நீயும் வா" என்றார் நைனா என்னிடம். "தபால்காரன் வழியவே பாத்துக்கினு எத்தினி நாளு வூட்ல குந்தினு இருப்ப?"

தூக்கில் புளிசாதத்தோடு நானும் மூன்று மலையில் உயரமான ராஜகிரி ஏறினேன். ஜவுளிக்கடைக்காரர் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். "சீனாக்காரன் சின்ன ஆளாம், சீக்கிரம் ஏறிடுவான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கவலைப்பட்டார். உச்சியில் களஞ்சியத்துக்குள் நைனா குறுக்கும் நெடுக்கும் காலால் அளந்தார். உள்ளே ஒரே வௌவால் நாற்றம். நான் வெளியே பாறையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து திண்டிவனம் ரோடு முழுக்கத் தெரியும். தபால் பை காலை பஸ்ஸில்தான் வரும். பஸ் வளைந்து வருவதையும், ஊருக்குள் நுழைவதையும், ஆள் இறங்குவதையும் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் இருக்காது என்று எப்படியோ தெரிந்திருந்தது.

நைனா வெளியே வந்து, "நானூறு மூட்டை தாராளமா அடுக்கலாம்" என்றார். பொல்லாத சந்தோஷம் முகத்தில்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை எதிர்த்துப் பேசினேன். "நைனா, உங்க மாப்ள அங்க உசுரோட இருக்காரா இல்லியான்னு தெரியல. நீங்க மூட்டை எண்ணிக்கினு இருக்கீங்க."

புளிசாதத்தை யாரும் தொடவில்லை. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் இறங்கும்போது, வீணாய்ப் போகிறதே என்று ஒரு பிடி வாங்கிச் சாப்பிட்டார்.

கார்த்திகையில் சண்டை நின்றுவிட்டது. சீனாக்காரன் தானாகவே திரும்பிப் போகிறான் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரில் எல்லோருக்கும் நிம்மதிதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இவனும் வெள்ளைக்காரன் மாதிரியே வேண்டாம் என்று போகிறானே என்று ஒரு சின்ன மனத்தாங்கலும் இருந்தது. சிலர் முகத்தில் அதை நான் பார்த்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து மிலிட்டரியிலிருந்து காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் வந்து கடையில் நின்றபடி படித்துச் சொன்னார். இன்ன நம்பர் டிரைவரைக் காணவில்லை. செத்துப்போனார் என்று இல்லை, பிடிபட்டார் என்றும் இல்லை. காணவில்லை, அவ்வளவே.

"காணோம்னா தேடுவாங்க இல்ல?" என்றார் நைனா. வாத்தியார் தேடுவார்கள் என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

அதிலிருந்து நைனா அடியோடு மாறிப்போனார். சீனாக்காரனை யாராவது திட்டினால் அவருக்குப் பொறுக்காது. "அவனும் புள்ளகுட்டிக்காரன்தான். கைதியா புடிச்சவனுக்குச் சோறு போடமாட்டானா?" என்பார். ஊரெல்லாம் சீனாக்காரனை அரக்கன் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். கடைத்தெருவில் கயிற்றுக்கடைக்காரர் மட்டும் அவன் நல்லவன் என்று வாதாடினார். வாளி வாங்க வந்த ஒருவன், "இன்னா பெரியவரே, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டு வாங்காமலே போனான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவன் நல்லவனாக இருக்கவேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

தை பிறந்ததும் அந்தச் சேதி வந்தது. பக்கத்து ஊர் அனந்தபுரத்தில் ஒரு வீட்டில் மகனும் மிலிட்டரி. அவனையும் காணவில்லை என்றுதான் காகிதம் வந்திருந்தது. இப்போது அவன் கைப்பட எழுதிய கடுதாசியே வந்துவிட்டது. சீனாக்காரனிடம் பிடிபட்டு இருக்கிறேன், சாப்பாடு போடுகிறார்கள், எல்லோருக்கும் காகிதம் கொடுத்து வீட்டுக்கு எழுதச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தான். நைனா அன்றைக்கே பஸ் பிடித்துப் போய் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாருக்கும் குடுத்தாங்களாம்" என்றார் வாசலிலேயே. "இன்னும் நாலு நாள்ல நமக்கும் வந்துடும், பாரு."

நாலு நாளில் வரவில்லை. நாற்பது நாளிலும் வரவில்லை. அந்தக் கடுதாசி வராமலே இருந்திருந்தால் நான் காணவில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். எல்லோருக்கும் காகிதம் கொடுத்தார்கள் என்று தெரிந்த பிறகு என்ன மிச்சம்? உயிரோடு இருப்பவன் எழுதினான். எழுதாதவன் இல்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் அதைச் சொன்னது அத்தைதான். பெற்றவள். மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் இரவெல்லாம் கூட்டத்தில் நசுங்கிவிட்டு மறுநாள் வந்தாள். நேரே என் எதிரில் வந்து உட்கார்ந்து, "எம்புள்ள பசிக்குதுன்னு கனவுல வந்து கேக்கறான்டி" என்றாள். செத்தவன்தான் கனவில் வந்து சோறு கேட்பான் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். சித்திரையில் ஒரு நாள் குறித்தார்கள். கருமாதி அன்றைக்கு எனக்கு என்னென்ன செய்யவேண்டும் என்பதை என் முன்னால் பேசவில்லை. அடுத்த அறையில்தான் பேசினார்கள், ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் காதில் விழுந்தது. தாலியை யார் வாங்குவது என்பதுவரை பேசி முடித்தார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. நான் வேண்டாம் என்று கத்தவில்லை. கத்தினேன் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் கத்தவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வதை மட்டும் நானாகவே நிறுத்திவிட்டேன். எப்படியும் பழகவேண்டியதுதானே என்று தோன்றியது.

குறித்த நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது தபால்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் கடிதம், என் வீட்டுக்காரர் கையெழுத்து. விடுதலை ஆகிவிட்டோம், நம் நாட்டு எல்லைக்குள் வந்துவிட்டேன், விசாரணையெல்லாம் முடிந்து ஊருக்கு வர மூன்று வாரம் ஆகும், நீ சாப்பிட்டாயா என்று எழுதியிருந்தது. அத்தை தெருவில் உருண்டு அழுதாள். நைனா கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, கடைத்தெரு முழுக்க ஒவ்வொரு கடையாக ஏறி, "சோறு போட்டான்னு சொன்னேனா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் அவர் வந்து இறங்கியபோது பாதி உடம்புதான் இருந்தது. இடது காலில் இரண்டு விரல் குளிரில் போய்விட்டிருந்தன. கடை முன்னால் பெஞ்சு போட்டு உட்காரவைத்து ஊரே சுற்றி நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஜவுளிக்கடைக்காரர்தான் கேட்டார். "ஏம்பா, எல்லாருக்கும் காயிதம் குடுத்தாங்களாமே. ஒனக்குக் குடுக்கலியா?"

"குடுத்தாங்க. மூணு தபா குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் எழுதல?"

அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எழுதினா மேல விலாசம் எழுதணுமே. அவன் எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவான். பெரிய மேப்பு வச்சிருக்கான். செஞ்சின்னு பாத்தான்னா, எங்க இருக்குது, இன்னா கோட்டை, எத்தினி வழின்னு ஆரம்பிச்சுடுவான். எதுக்கு நம்ம வாயால காட்டிக் குடுக்கணும்?"

"அனந்தபுரத்துப் பையன் எழுதினானே?"

"அனந்தபுரத்துல இன்னா கோட்டையா இருக்குது?"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் மெள்ளத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆட்டினார்கள். நைனா குனிந்து அவர் தோளைத் தட்டி, "சரியாத்தான் செஞ்ச, மாப்ளே" என்றார். தாலியை யார் வாங்குவது என்று பேசிய அதே பங்காளிகள், ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நான் வெளியே வந்துவிட்டேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படி வந்தேன் என்று தெரியாது.

"கோட்டையை எடுத்துக்கினு போவட்டுமே!" என்றேன். "மூணு மலையையும் பேத்து எடுத்துக்கினு போவட்டுமே. எனக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. நடிப்பில்லை, நிஜமாகவே புரியவில்லை. நைனா என்னிடம், "உள்ள போ பாப்பா, பொம்பளைக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். ஊரை மலையேற்றிக் காப்பாற்றக் கிளம்பிய மனிதர், வேறு எப்படிப் பேசுவார்?

உள்ளே போய் இலை போட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ரொம்ப பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"சித்திரையில உங்களுக்குக் கருமாதி" என்றேன். "நாள்கூடக் குறிச்சிருந்தாங்க. நானும் சரின்னுட்டேன்."

பிசைந்த கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. அந்தச் சோற்றை அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடச் சொல்லவில்லை.