இரண்டு பூட்டுப் படிப்பகம்

பழைய புத்தகக் கடையில் வழவழத் தாளின் வாசனை மூக்கில் ஏறியதும், ஈரச் சுவரும் ஆடும் பெஞ்சுமாக அப்பாவும் சித்தப்பாவும் நடத்திய எங்கள் திருவண்ணாமலைப் படிப்பகமும், சோவியத் நாடு உடைந்ததிலிருந்து அங்கே ஓயாத சண்டையும் நினைவுக்கு வந்தன.

"போர்ல ஜெயிச்சுக் குடுத்த அந்தத் தலைவர் இல்லன்னா அந்த நாடே இல்லடா!" பழைய இதழைத் தட்டுவார் அப்பா.

"அவரு கொன்னதெல்லாம் இதுல கீதுண்ணா, படி!" புதியதை நீட்டுவார் சித்தப்பா.

இரண்டும் மாஸ்கோவிலிருந்து வெவ்வேறு வருடங்களில் வந்த ஒரே வழவழத் தாள் பத்திரிகைதான்.

மற்றவர் தனியாக வந்து இளைஞர்களுக்கு அரசியல் வகுப்பெடுத்துவிடக் கூடாதென்று கதவுக்கு ஆளுக்கொரு பூட்டு போட்டார்கள். எனக்குப் படிக்க வேறு இடமில்லை. கெஞ்சியும் இருவரும் அசையவில்லை.

மழையில் கூரை இறங்கிப் புத்தகமெல்லாம் கூழான பிறகே திறந்தார்கள்.

"உன்னாலதான்டா!" என்று ஆரம்பித்தார் அப்பா.