சக்கரச் சப்பாத்தில் மூன்று சுற்று

அந்தக் கான்வாஸ் சப்பாத்து ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுத் தேய்த்தபின் எங்கள் சின்னம்மாவிடம் கொடுத்தது. சின்னம்மா அதைப் போட்டுக்கொண்டு பால் மரம் வெட்டியதில் முன்பக்கமெல்லாம் ரப்பர் பால் சொட்டி, காய்ந்து, கறுத்துப்போயிருந்தது. மலாக்கா டவுனுக்குப் போக அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் அதைச் சுண்ணாம்பு பூசி வெளுத்தாள்.

சின்னம்மா என்றால் வயதானவள் இல்லை. என் அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிட இரண்டே வயது மூத்தவள். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நான் நின்றேன். அவள் அதுவும் படிக்கவில்லை. இருவரும் ஒரே நிரையில் மரம் வெட்டினோம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. ஜாசின் பக்கத்து எங்கள் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். வெளியே போக ஆபீசில் பாஸ் வாங்க வேண்டும். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமென்று, ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். பிந்தினால் பாஸ் போய்விடும்.

டவுன் கேளிக்கைப் பூங்காவில் சிமெண்டுத் தரை ஒன்றைப் போட்டு, காலில் சக்கரம் கட்டிச் சுற்றவிடுகிறார்கள் என்று டிரஸ்ஸர் மகள்தான் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழி முழுக்க நான் திரும்பி வருவதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். "நாலு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ்ஸே இல்ல சின்னம்மா." அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் போய்ச் சேரவே இல்ல, அதுக்குள்ள நீ திரும்பி வந்துட்டியா?"

சப்பாத்துப் போட்டவர்களுக்குத்தான் சக்கரம் கட்டுவார்களாம். டிரஸ்ஸர் மகள் தோல் சப்பாத்தில் கட்டிக்கொண்டு ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி போனாள். சின்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இறங்கியதும் விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கால்சட்டை போட்ட நாலைந்து டவுன் பையன்கள் நின்றிருந்தார்கள்.

"டேய், தோட்டத்துக்காரிடா! ஏக்கா, பால் வாளிய எங்க விட்டுட்டு வந்தே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போயிரலாம் சின்னம்மா" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்தபடியே அந்தப் பையனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாளி கையில இருந்தா உன் தலையிலதான்லா ஊத்தியிருப்பேன்."

பிறகு எழுந்து நின்றாள். என்ன நினைத்தாளோ, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் இறக்கினாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. தோளில் காண்டாக் கட்டையை வைத்து, இரண்டு பக்கமும் நிறைந்த பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலிருந்து சொட்டுச் சிந்தாமல் இறங்கும்போது நாங்கள் நடக்கிற நடை அது. உடம்பு மேலே ஆடாது, எல்லாம் இடுப்புக்குக் கீழேதான். அப்படியே ஒரு காலைத் தள்ளினாள், அடுத்த காலைத் தள்ளினாள். கம்பியைத் தொடாமல் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டாள். அந்தப் பையன்கள் நின்ற இடத்தைக் கடக்கும்போது மட்டும் வேண்டுமென்றே மெதுவாகப் போனாள்.

வந்ததும் சப்பாத்தைக் கழற்றி என் முன்னால் போட்டாள். "இப்ப நீ."

"மணி மூணரை ஆச்சு."

"ஒரே சுத்து. வா புள்ள."

முதல் சுற்றில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதில் பிடியை விட்டேன், விழவில்லை. என் வாழ்நாளில் எதைப் பற்றியும் கவலைப்படாமல் இருந்த நேரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். காற்று காதோரம் போனது. பஸ் மறந்தது, கேட் மறந்தது. டிரஸ்ஸர் மகள் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கூப்பிட்டாள். "இன்னும் ஒண்ணு" என்று கத்தியவள் நான்தான்.

அந்த ஒன்றில்தான் பஸ் போய்விட்டது. அன்னாசி லாரி ஒன்றில் கெஞ்சி ஏறி, சாலையில் இறங்கி ஓடி, கேட்டுக்கு வந்தபோது பூட்டிவிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் யாரால் பிந்தியதென்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா முன்னால் போய் நின்றாள். "நான்தான். இவளுங்க கூப்பிட்டாளுங்க, நான் வரல." பேசாமல் உள்ளே போனேன். அன்று பேசாததை இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் காது சுடுகிறது.

மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை ஆட்கள் முன்னால் ஆபீஸ் பெரிய கிராணி அவள் பேரைக் கூப்பிட்டார். "டவுன்ல போய் ஆடிட்டு வந்திருக்கியாமே? மூணு மாசம் உனக்குப் பாஸ் கிடையாது. தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேளு, யோசிக்கிறேன்." சின்னம்மா மன்னிப்புக் கேட்காமல் காண்டாக் கட்டையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பெரட்டில் என் பேருக்கு 'இருக்கேன்' என்று சொல்லவே குரல் நடுங்குகிறவள் நான். எப்படி வரிசையை விட்டு வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

"அவ இல்லீங்க. பிந்துனது என்னாலதான். இன்னொரு சுத்து வேணும்னு நான்தான் கேட்டேன்."

"அப்ப நீ கேளு மன்னிப்பு."

"பிந்துனது தப்புங்க. சுத்துனது தப்பில்ல."

சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கிராணி பெரட்டுப் புத்தகத்தைப் படாரென்று மூடினார். "ரெண்டு பேருக்கும் மூணு மாசம்!"

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளையும் முள்வேலிக்குள்ளேயே கழித்தோம். வேலி பிறகு போனது. அந்தத் தோட்டமும் போய், இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகள். சின்னம்மா இறந்து ஆறு வருடமாகிறது. எனக்குப் பயம் இன்னும் போகவில்லை; கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை எழுந்து பார்க்கிறவள்தான் நான். ஆனால் அந்த மன்னிப்பை மட்டும் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.