நல்லதுக்கா, கெட்டதுக்கா?

நம் ஊரில் மாலை என்றால் கழுத்தில் விழும், சாமிக்கு விழும், தலைவர் படத்துக்கு விழும். கனடாவின் இந்தத் துறைமுக ஊரில் அது மேசை மேல் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 'டேபிள் கார்லண்ட்' என்று பெயர். யூகலிப்டஸ் இலையை அடுக்கி, இடையிடையே பூ வைத்து, மேசை நீளத்துக்குக் கட்டுவதுதான் இப்போது என் வேலை. முதன்முதலில் பார்த்த மாலையைப் படம் பிடித்து, கொருக்குப்பேட்டையில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "இன்னாடி இது, மேசைக்குப் போயி மாலை போட்டுகினு கீறாங்கோ? அது இன்னா எலக்சன்ல ஜெயிச்சிச்சா?"

ரயில்வே கேட்டை ஒட்டிய அந்தக் கடையில், கல்யாணம் ஆகும்வரை நானும் அக்காவோடு உட்கார்ந்து கட்டியவள்தான். யார் வந்து மாலை கேட்டாலும் அக்காவின் முதல் கேள்வி ஒன்றே: "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" நல்லது என்றால் ரோஜா தூக்கலாக இருக்கும், முனையில் குஞ்சம் தொங்கும். கெட்டது என்றால் எங்கள் கடையில் குஞ்சம் வைக்க மாட்டோம். விலைப் பேச்செல்லாம் அப்புறம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நூலைத் தொட்டால் எனக்குக் கை ஓடாது.

இங்கே பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழக்கதோஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டேன், "குட் ஆர் பேட்?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "நல்லதுதான் வேண்டும். மட்டமானதும் விற்கிறீர்களா?" என்றார். முதலாளி மார்த்தா அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, இனிமேல் அதைக் கேட்காதே என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் மார்த்தா முதல்முறையாக ஒரு மாலையை முழுக்க என்னிடம் ஒப்படைத்தாள். துறைமுகத்தை ஒட்டிய மண்டபம், நீள மேசை, சிவப்பு ரோஜா. நன்றாக வந்தால் மேசை வேலை எல்லாம் இனி என் பொறுப்பு என்றாள். சிவப்பு ரோஜா என்றதுமே கல்யாணம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். இவர்கள் கம்பியால் முறுக்குவார்கள். நான் நூலால், நம் ஊர்க் கட்டாக நெருக்கிக் கட்டினேன். இரண்டு முனையிலும் குஞ்சம். பெருமையாகவே சொல்கிறேன், அப்படி ஒரு மாலையை இந்த ஊர் பார்த்திருக்காது.

மண்டபத்தில் அதை மேசை மேல் விரித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஒரு பெரியவரின் சட்டமிட்ட படம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். அவர் இறந்ததற்குத்தான் அந்த விருந்து. சாவுக்குப் போய்க் குஞ்சமா! பொறுப்பு கிடைக்காவிட்டால் தொலையட்டும், அந்த வீட்டார் மனசு நோகக் கூடாதே என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என்னைத் தடுத்தது. இறந்தவரின் மனைவி. "ஏன் வெட்டுகிறாய்?"

"சாரி. திஸ் ஃபார் மேரேஜ். மை மிஸ்டேக்."

அவர் குஞ்சத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "எங்கள் கல்யாணத்தில் பூவே இல்லை. அவருக்கு அன்றைக்கு ஷிப்ட்" என்று சிரித்தார். பிறகு மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை, என் கட்டு அப்படி. நான்தான் நூலைத் தளர்த்திக் கொடுத்தேன். அதைக் காதோரம் செருகிக்கொண்டு கணவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

மறுநாளே மேசை வேலை என் கைக்கு வந்தது. மார்த்தா இப்போது குஞ்சத்துக்கென்றே ஆர்டர் எடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இதை அக்காவிடம் வீடியோவில் சொன்னேன். அவளுக்கு அது சாயங்கால வியாபார நேரம், கட்டிக்கொண்டே கேட்டாள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து, ஊருக்கெல்லாம் பூக் கட்டுகிற அவள் தலையில் ஒரு பூ கிடையாது. வைக்காதே என்று யாரும் சொன்னதில்லை. வை என்றும் யாரும் சொன்னதில்லை.

அவள் கை நின்றது. "புருசன் செத்த எடத்துலயே பூ வச்சிக்கினாங்களா? யாரும் ஒண்ணியும் சொல்லல?"

"சொல்லலக்கா. அவ்ளோ அழகா இருந்தாங்க."

சுற்றிலும் கூடை கூடையாக இருந்த பூவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீ கட்னதுல மீதி எதுனா கீதாடி?"

முந்தின நாள் கட்டியதில் ஒரு ரோஜா மிஞ்சியிருந்தது. செல்போன் திரையில் அவள் கொண்டைக்கு நேராக அதைப் பிடித்தேன். அக்கா தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். திரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரோஜா, அந்தப் பக்கம் கொண்டை.