கோழிப்பண்ணைக் கிணறு

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிற வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை. தண்ணீர் நல்லது என்று எழுதிக்கொடுத்தால், "இது எங்களுக்கே தெரியுமே, இதைச் சொல்ல ஒரு பொம்பளை பெட்டியைத் தூக்கிக்கிட்டு வரணுமா?" என்பார்கள். கெட்டது என்று எழுதினால் அவளே வந்து விஷத்தைக் கலந்துவிட்டுப் போன மாதிரி ஏசுவார்கள். பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் உழைத்து அவள் சம்பாதித்த பட்டம் 'பாட்டில்காரி'. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னொரு வீட்டில் அவள் தண்ணீர் பிடிக்கிற பாட்டிலைத் தெருவில் வீசினார்கள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நாக்கில் தேன் தடவிப் பேச அவளுக்கு வராது. "உங்க கிணத்துல இருக்கறதும் உங்க கக்கூஸ்ல இருக்கறதும் ஒண்ணுதான் சார்" என்று ஒரு தலைமையாசிரியரிடம், அவர் வீட்டு விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டு வந்தவள். உண்மையைச் சொன்னாலே உடம்பெரிச்சல். அதை இப்படியும் சொன்னால் எரியாமல் என்ன செய்யும்?

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செத்துப்போன தங்கையின் மகள்தான் அவளுக்கு உலகம். அந்தப் பெண்ணைக் கோழிப்பண்ணைக்காரர் மகனுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அவர்கள் வீட்டுக்குப் போனவள் கையில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கேட்டாள்: "கிணத்துத் தண்ணியா? சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?"

கோழிப்பண்ணைக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எங்கப்பா தோண்டின கிணறு. நாப்பது வருஷமா குடிக்கிறோம், யாரும் சாகல."

"செத்தவங்க வந்து சொல்ல மாட்டாங்களே" என்றாள் இவள்.

அதையும் மீறிக் கல்யாணம் நடந்தது என்றால் பிள்ளைகள் இருவரும் பிடித்த பிடிவாதம்தான் காரணம். சம்பந்திகள் இருவரும் பரம எதிரிகள் ஆனார்கள். அந்த வீட்டுப் படியை இவள் மறுபடி மிதிக்கவில்லை. தங்கை மகளோடு எல்லாமே போனில்தான்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆனபோது ஒரு மத்தியானம் போன் வந்தது.

"பெரியம்மா, பாப்பா உதடு ஒரு மாதிரி சாம்பலா இருக்கு. நகமும் அப்படித்தான். என் மாமனார் 'எங்க குடும்பத்து நிறமே அதுதான்'ங்கறார்."

"பால் எப்படிக் குடுக்கற?"

"எனக்குப் பால் பத்தல. பவுடர் பால்தான். கிணத்துத் தண்ணியில கரைச்சு."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு!"

"அவர் ஊர்ல இல்ல. கார் சாவி மாமாகிட்ட இருக்கு. தர மாட்டேங்கறார். ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்."

பரிசோதனைக்கூட வண்டி எங்கோ போயிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்தாள். ஆட்டோக்காரன், நிற்கச் சொல்லியும் கேட்காமல், இறக்கிவிட்ட வேகத்தில் திரும்பிப் போய்விட்டான். வாசலில் சம்பந்தி கையை அகல விரித்து நின்றார். உள்ளே தங்கை மகள் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் உதட்டைப் பார்த்ததும் இவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"பிள்ளையைக் குடுங்க. ரத்தத்துல கோளாறு. உங்க தண்ணி பண்ற வேலை."

"என் கிணத்தைக் குத்தம் சொல்லி ஊரெல்லாம் பரப்பணும், என் முட்டை ஒண்ணுகூட விக்கக் கூடாது. அதானே உங்க ஆசை? தண்ணியில குத்தம் இருக்குன்னு காட்டுங்க, நானே காரை எடுக்கறேன். ஆனா என் கிணத்துல நீங்க கை வைக்கக் கூடாது. நானே மொண்டு தர்றேன்."

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நிரப்பிக்கொண்டு வந்தார். வந்த வேகமே இவளுக்கு உறுத்தியது. வாளி விழுந்த சத்தமும் கேட்கவில்லை, மோட்டார் ஓடிய சத்தமும் கேட்கவில்லை. எருவிலிருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட் உப்பைப் பார்க்கும் சீட்டை எடுக்கப் போனவள், அதை வைத்துவிட்டுக் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தை எடுத்தாள். இரண்டு சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாயிற்று.

"குளோரின் போட்ட தண்ணி. டவுன் குழாய்த் தண்ணி. உங்கப்பா குளோரின் ஊறுற கிணறா தோண்டினார்?"

முட்டை வண்டி டிரைவர் தான் குடிக்க டவுனிலிருந்து கேனில் பிடித்து வந்த தண்ணீர் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர் பின்பக்கம் போகும் வழியை மறித்தார். அவரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் கோழி எரு மலையாகக் குவிந்து கிடந்தது. வாளியை விட்டு மொண்டாள். சீட்டை முக்கினாள். ஒரு நிமிடத்தில் அது அடர்ந்த ரோஜா நிறத்துக்குப் போனது. லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இது இருநூறைத் தாண்டி நின்றது.

பின்னாலேயே வந்த சம்பந்தி இன்னும் விடவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். பச்சைத் தண்ணியாவா குடுக்கறோம்? அரைமணி நேரம் சுண்டக் காய்ச்சித்தானே குடுக்கறா!"

"காய்ச்சினா கிருமி சாகும், இந்த உப்பு சாகாது! தண்ணி ஆவியாப் போகப் போக மிச்சத்துல விஷம் கெட்டியாகும். பச்சைத் தண்ணியைக் குடுத்திருந்தாக்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது. எந்தப் புத்திசாலி காய்ச்சச் சொன்னான்?"

குழந்தையைத் தோளில் போட்டபடி தங்கை மகள் கிணற்றடிக்கு வந்திருந்தாள்.

"நீங்கதான் பெரியம்மா."

பாட்டில்காரிக்கு நினைவு வந்தது. பிரசவம் ஆன மூன்றாம் நாள், குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீரை என்ன செய்யணும் என்று தங்கை மகள் கேட்ட போன். அப்போது யார் வீட்டுக் கிணற்றடியிலோ நின்று, வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 'நல்லா அரைமணி நேரம் கொதிக்க வச்சுக் குடு' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். முன்பின் தெரியாதவனிடமெல்லாம் உன் கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குடைந்து கேட்பவள், சொந்தப் பெண்ணிடம் அதைக் கேட்கவில்லை.

"ஆமா" என்றாள். "நான்தான் சொன்னேன்."

சம்பந்தியின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அதே சமயம் குழந்தை அழ முயன்று, சத்தம் வராமல் துவண்டது. அவர் காரை நோக்கி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் உதடு சிவக்கத் தொடங்கியது. குழந்தை பிழைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில், நடுவில் இரண்டு ஆள் இடம் விட்டுச் சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரிப்போர்ட் எழுதுவீங்களா?" என்றார் அவர்.

"எழுதுவேன்."

"கொதிக்க வைக்கச் சொன்னதையும் எழுதுவீங்களா?"

"அதையும்தான் எழுதுவேன். நீங்க கேன் தண்ணி பிடிச்சதையும் எழுதுவேன்."

"உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"உங்க கிணத்துல நல்ல தண்ணி வரட்டும், பாக்கலாம்."

தங்கை மகள் அறையைவிட்டு வெளியே வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அழுது வீங்கிய முகம், ஆனால் குரலில் அழுகை இல்லை.

"யாரும் உள்ள வர வேண்டாம். கிளம்புங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன், இந்த மனுஷனை முதல்ல..." என்று பாட்டில்காரி ஆரம்பித்தாள்.

"உங்களையும்தான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.