கோட்டைக்குப்பத்து நீராவி இஞ்சின்

படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் டப்பாவுல எப்பவும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதவன் கடைசியில என் கதிக்குத்தான் வந்து சேருவான்.

கோட்டைக்குப்பத்துல ஃபைபர் படகுங்களுக்குப் பெயின்ட் அடிச்சு, பேரும் நம்பரும் எழுதறது என் தொழில். நீராவி இஞ்சின் மாடல் செய்யறது என் வியாதி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பி.வி.சி. பைப்பு பாய்லர். மூஞ்சியில இருக்கற வட்டக் கதவு, பவுடர் டப்பா மூடி. வலை மிதவையைப் பாதியா அறுத்து முதுகு மேல ஒட்டினது நீராவிக் குடம். சக்கரத்துக்கு ஆரக்கால் எல்லாம் துடைப்பக் குச்சி. இதைச் செய்ய எனக்கு மூணு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல இதுக்குப் பேரு 'அந்தக் கறுப்பு டப்பா'.

நிஜ நீராவி இஞ்சினை நான் பாத்தது ஒரே ஒரு தரம். மீஞ்சூர் ஸ்டேஷன்ல, எங்க நைனா தோள் மேல உக்காந்துக்கிட்டு. அப்பவும் புகை கண்ணுல பட்டு அழுதேனாம், சரியாப் பாக்கல. மீதியெல்லாம் ஒரு பழைய காலண்டர் படத்தைப் பாத்துச் செஞ்சது. படத்துல இஞ்சினோட இடது பக்கம்தான் தெரியும். வலது பக்கம் என்ன இருக்கும்னு நானே ஒரு மாதிரியா முடிவு பண்ணிக்கிட்டேன். இந்த மாதிரி காரியத்துல இறங்கி வீட்டுல பேச்சு வாங்கறவங்க நாட்டுல நிறைய பேர் இருப்பீங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஷெல்ஃப் சண்டை

எங்க வீட்டுல வாசலைப் பாத்தாப்ல ஒரே ஒரு கண்ணாடி ஷெல்ஃப். அதுல இஞ்சினை வெக்கணும்னு எனக்கு ஆசை. என் வீட்டுக்காரி தெய்வானை பனையோலைப் பெட்டி முடையறவ. பழவேற்காட்டுக்கு வர்ற டூரிஸ்ட்டுங்க தெருவுல போகும்போது பாத்து வாங்கணும்னா அந்த ஷெல்ஃப் அவளுக்கு வேணும். ஆடி மாசம் ஆரம்பிச்ச சண்டை. சோறு வெக்கற தட்டோட சத்தத்துலயே அன்னிக்கு யாரு ஜெயிச்சாங்கனு தெரியும்.

கடைசியில அவளே ஒரு பந்தயம் கட்டினா. தெரியாத ஆள் ஒருத்தர், நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, அதைப் பாத்து ரயில் இஞ்சின்னு சொல்லிட்டா ஷெல்ஃப் எனக்கு. தீபாவளி வரைக்கும் ஒருத்தரும் சொல்லலனா ஷெல்ஃப் அவளுக்கு, டப்பா பரண் மேல. சொந்தக்காரங்க கணக்குல வரமாட்டாங்க. நான் உடனே சரின்னேன். குருடனுக்குக்கூட தெரியுமேனு எனக்கு அவ்ளோ நம்பிக்கை. அவ நிதானமா ஓலையைக் கிழிச்சுக்கிட்டே சொன்னா: "ஒருத்தர் போதும்யா. ஊர்ல எவ்ளோ ஜனம் கீது, ஒருத்தர் சொல்லட்டும்."

முதல் தேர்வாளர்கள்

கேஸ் சிலிண்டர் போட வந்தவர் இஞ்சினைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து, இந்த கீசருக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும்னு கேட்டார். கேபிள் ரிப்பேருக்கு வந்தவர் இன்வெர்ட்டர்னு முடிவு பண்ணி, ஃப்யூஸ் எங்கனு தேடினார். ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்தது தெய்வானை. அதுவும் ஏலக்காய் போட்டு.

அப்புறம் கூடையில நண்டு விக்கற அம்மா ஒருத்தி வந்தா. வயசானவ, உலகம் பாத்தவ, ரயில்ல ஏறி மெட்ராஸ் வரைக்கும் நண்டு வித்தவ. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவ கூடையை இறக்கி வெச்சுட்டு, குனிஞ்சு, புகைபோக்கி வழியா உள்ள எட்டிப் பாத்தா. சக்கரத்தை விரலால ஒரு சுத்து சுத்தினா. அப்புறம் என் முகத்தை ரொம்பப் பிரியமாப் பாத்து கேட்டா: "இடியாப்பம் பிழியற மிஷினு இவ்ளோ பெருசா கீதே, ஓட்டல் வெக்கப் போறியா நைனா?"

மச்சான் படகு

தெய்வானையோட தம்பி ஏகாம்பரம் ஏரியிலயும் கடல்லயும் தொழில் பண்றவன். அவன் படகுக்கு நான்தான் பெயின்ட். அந்த வாரம் பகல்ல அவன் படகு, சாயங்காலம் என் இஞ்சின்னு ரெண்டு வேலையும் ஓடுச்சு. இஞ்சின் நம்பரைப் பித்தளை எழுத்து மாதிரி நிழல் விட்டு எழுதணும்னு நாலு நாளா அதே நினைப்பு. கைக்கு அது பழகிப்போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஏகாம்பரம் கரையில இருந்து நேரா என் வீட்டுக்கு வந்தான். படகோட பதிவு நம்பர் இருக்க வேண்டிய இடத்துல என் இஞ்சின் நம்பர், அழகா, மஞ்சள் நிழல் விட்டு. நான் உள்ள போய் இஞ்சினைப் பாத்தேன். இஞ்சின் பக்கவாட்டுல அவன் படகு நம்பர் இருந்துச்சு. சோதனைக்கு வந்த ஆபீசர் நம்பரை ரெண்டு தரம் படிச்சாராம். ஏகாம்பரம் சிரிக்கவே இல்ல: "இந்தப் படகு எந்த பிளாட்பாரத்துல வந்து நிக்கும்னு கேக்கறாரு மாமா, இன்னா சொல்லட்டும்?"

டச்சுக்காரங்க கிட்ட முறையீடு

உள்ளூர்ல நியாயம் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் வெளிநாட்டுக்குப் போனேன். அதாவது பழவேற்காட்டுல இருக்கற பழைய டச்சுக் கல்லறைக்குப் போற தெரு முனைக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை வெள்ளைக்காரங்க வருவாங்க. மண்டையோடு செதுக்கின கல்லை அரை மணி நேரம் நின்னு பாக்கற ஜனம், என் இஞ்சினை ஒரு நிமிஷம் பாக்காதா? தெய்வானை அங்க ஓலைப்பாயில கருவாடு காய வெச்சிருந்தா. பாயோட ஓரத்துல இஞ்சினை நிறுத்திட்டு, சம்பந்தமே இல்லாதவன் மாதிரி தள்ளி நின்னேன்.

ஒரு வயசான ஜோடி, கூட ஒரு கைடு. அந்த அம்மா நின்னா. குனிஞ்சா. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினா. கேமரா வெளிய வந்துச்சு. படக் படக்னு நாலஞ்சு படம். ஷெல்ஃபுக்கு உள்ள ஒரு சின்ன லைட்டு போடணும்னு மனசுக்குள்ள கணக்கே போட்டுட்டேன். அந்த அம்மா கைடு காதுல என்னவோ கேட்டா. நான் ஓடிப் போய் என்ன சொல்றாங்கனு கேட்டேன். கைடு சொன்னார்: "வாளைக் கருவாடு காய எத்தனை நாள் ஆகும்னு கேக்கறாங்க. அந்தக் கறுப்பு டப்பாவைக் கொஞ்சம் நகத்தினா இன்னொரு படம் எடுத்துப்பாங்களாம்."

கடுகு

பாய்லர் மேல வரிசை வரிசையா ஆணிக் கொண்டை இருக்கும். அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி கடுகு. ஒவ்வொண்ணா ஊசி முனையில எடுத்து, பசையில தொட்டு ஒட்டணும். முதுகு பூரா ஒட்டி முடிச்சப்ப எனக்கே என் மேல மரியாதை வந்துச்சு. சமையல்கட்டுல ஒரு வாரமா தாளிப்பு இல்லாத குழம்புதான்.

புரட்டாசியில ஒரு ராத்திரி நல்ல மழை. ஓட்டுல இருந்து ஒழுகினது சரியா இஞ்சின் முதுகு மேல. நான் அடுத்த அஞ்சு நாள் வேலைக்காக காட்டூர்ல தங்கிட்டேன். திரும்பி வந்து பாத்தா, இஞ்சின் பச்சைப் பசேல்னு நிக்குது. கறுப்புப் பெயின்டைக் கிழிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆணிக்கும் ரெண்டு இலை. கோவம் வரல, அழுகைதான் வந்துச்சு. மூணு வருஷம் ஆச்சே. அந்த நேரம் பாத்து மீன் குடுக்க வந்த ஏகாம்பரம் கையைக் கட்டிக்கிட்டு பயபக்தியா நின்னான்: "அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுக்கறேன்னு சொல்லவே இல்லியே மாமா."

ஆயுத பூஜை

முளைச்சதையெல்லாம் சுரண்டி, கடுகுக்குப் பதிலா பசைச் சொட்டு வெச்சு, இஞ்சின் பூரா மறுபடி கறுப்பு அடிச்சேன். எங்க ஊரு உப்புக் காத்துல பெயின்ட் சீக்கிரம் காயாது. மூஞ்சிக் கதவு மட்டும் ஈரமா இருந்துச்சு. நாளைக்குக் காஞ்சிடும்னு படுத்தேன். நாளைக்கு ஆயுத பூஜைங்கறது எனக்கு நினைவே இல்ல.

காலையில எழுந்து பாத்தா வீட்டுல எதுவும் தப்பிக்கல. அருவாமனை, இஸ்திரிப் பெட்டி, என் பிரஷுங்க, ஓலை கிழிக்கற கத்தி எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். இஞ்சினோட மூஞ்சிக் கதவுல நட்ட நடுவுல பெரிய பொட்டு, அதைச் சுத்தி சின்னதா மூணு. ஈரப் பெயின்டுல அழுத்தி வெச்சது, உள்ள இறங்கிப்போச்சு. துணியால துடைச்சேன், பரவுச்சு. மேல கறுப்பு அடிச்சேன். காஞ்சதும் சிவப்பு மறுபடி எட்டிப் பாத்துச்சு. இஞ்சினுக்குப் பொட்டு வெக்கறதானு நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுல ரேடியோவை நிறுத்திட்டாங்க. ரெண்டு நாள் தெய்வானை கிட்ட நான் பேசல. அவ அதைக் கவனிச்ச மாதிரி தெரியல. மூணாம் நாள் நானே போய் நின்னப்ப சொன்னா: "எல்லாத்துக்கும் வெச்சுட்டு உன்னுதை மட்டும் விட்டா, அதை நான் வேலை செய்யற பொருளா மதிக்கலனு நீதானே அழுவ?"

மீஞ்சூர் தீர்ப்பு

தீபாவளிக்கு நாலு நாள்தான் பாக்கி. ஏகாம்பரம் பாவம் பாத்து ஒரு வழி சொன்னான். அவன் கிட்ட வழக்கமா நண்டு வாங்கற தேவசகாயம் ஐயா மீஞ்சூர்ல இருக்கார், அந்தக் காலத்துல நீராவி இஞ்சின்ல ஃபயர்மேனா கரி அள்ளிப் போட்டவர். தெரியாத ஆள்தான், பந்தயத்துக்குச் செல்லும். இஞ்சினை லுங்கியில சுத்தி பஸ்ல எடுத்துக்கிட்டுப் போனேன். சாட்சிக்குத் தெய்வானையும் வந்தா, மடியில நண்டு பையோட. ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு எனக்கு ஷெல்ஃப் கூடப் பெருசா தெரியல. இவரும் கீசர்னு சொல்லிட்டா, இத்தனை வருஷம் நான் என்ன பண்ணேன்னு எனக்கே பதில் இல்ல.

ஐயா நாற்காலியில உக்காந்து டி.வி. பாத்துக்கிட்டிருந்தார். இது என்னனு நீங்கதான் சொல்லணும்னு தெய்வானையே சொல்லி, அவர் எதிர்ல ஸ்டூல் மேல வெச்சா. நான் வாயை மூடிக்கிட்டேன். அவர் டி.வி.யை அணைச்சுட்டு, கண்ணாடியை மாட்டி, இடது பக்கம் பாத்தார். ம்ம்னார். திருப்பி வலது பக்கம் பாத்தார். இந்தப் பக்கம் யாரு சொல்லிச் செஞ்சேனு கேட்டார். வாயைத் திறக்காம என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தெரியுதுன்னார். ஒரு கம்பியைத் தொட்டு, இது இங்க இருந்தா வண்டி பின்னாலதான் போகும்னார். புகைபோக்கி இவ்ளோ ஒசரம்னா முதல் பாலத்துலயே உடையும்னார். எல்லாம் சொன்னார், அந்த ஒரு வார்த்தையைத் தவிர. தெய்வானை எனக்கு நேரா உக்காந்து சிரிப்பை முந்தானையில மறைச்சுக்கிட்டிருந்தா.

அப்புறம் அவர் அதோட மூஞ்சியைத் தன் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு அடியில தெரிஞ்ச அந்தச் சிவப்பு மேல கட்டை விரலை வெச்சு தடவினார். கை அப்படியே நின்னுச்சு. பூஜை அன்னிக்கு விடியற நேரத்துல ஷெட்டுல வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில வெப்பாங்களாம். அடுப்பு எரியும்போது மூஞ்சிக் கதவு சுடும், பொட்டு வெக்க எல்லாரும் பயப்படுவாங்களாம். இவர் சர்ச்சுக்குப் போறவர், ஆனா வருஷா வருஷம் அந்த வேலை இவருக்குத்தானாம். நடுவுல பெருசா ஒண்ணு, சுத்தி மூணு. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு கேட்டார்: "தம்பி, மத்ததெல்லாம் தப்பாப் பண்ணியிருக்கே, ஆனா இது ரயில் இஞ்சின்தான், இந்தப் பொட்டு வெச்சது யாரு?"

இப்ப எங்க ஷெல்ஃபுல இஞ்சின் முன்னால நிக்குது, அதுக்குப் பின்னால தெய்வானை முடைஞ்ச ஓலைப் பெட்டிங்க வரிசையா நிக்குது, பந்தயத்துல ஜெயிச்சது யாருன்னு யாராவது கேட்டா நான் கடைக்குப் போற மாதிரி கிளம்பிடறேன்.

ஆக, மூணு வருஷம் பாடுபட்டு நான் செஞ்சது ஒரு கறுப்பு டப்பா. அதை இஞ்சின் ஆக்கினது, ஒரு நாள் காலையில என் பொண்டாட்டியோட மோதிர விரல்.