சொட்டுக்கு மருந்து

கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, சிவப்புக் காரின் வயிற்றுக்கு அடியில் பார்க்கிறார் மருந்துக்கடைக்காரர். இன்னும் பல் விளக்கவில்லை. முந்தின நாள் அங்கே போட்டு வைத்த அட்டையை இரண்டு விரலால் பிடித்து, அலுங்காமல் வெளியே இழுக்கிறார். இருமல் சிரப் வந்த பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிய அட்டை அது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பதுபோல் படிக்கிறார். பச்சையாக ஒரு சொட்டு இருந்தாலும் முகம் சுருங்கிவிடும். இல்லாவிட்டால் சமையலறை ஜன்னலைப் பார்த்து, "இன்னிக்கி நார்மல்" என்பார். அது கார் உடம்பின் நிலவரம் என்று அடுப்பருகே நிற்கும் மனைவிக்குத் தெரியும். அவள் உடம்பை அவர் விசாரித்து நாளாயிற்று.

காரைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. பந்தயத்துக்கென்றே பிறந்த சாதி. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையை நக்குகிற உயரம். ஏறுவது தரையில் உட்காருவது மாதிரி, இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி. வேகம் காட்டும் முள்ளுக்கு எதிரே எழுதியிருக்கும் எண்களில் பாதியை அந்த முள் அவர் கையில் பார்த்ததே இல்லை. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருப்பது மூன்று தெருவும் ஒரு சிக்னலும். நடந்து போகிறவர்கள் அவருக்கு முன்னால் போய்ச் சேருவார்கள். வேகத்தடை வந்தால் காரை நண்டு மாதிரி ஒருக்களித்து ஏற்றுவார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "பொறுங்க சார், இது நெனச்சா பறந்துரும்" என்பார். இதுவரை நினைத்ததில்லை.

வாங்கியது இரண்டாம் கையாகத்தான். ஆனாலும், "இதுல நம்ம கையத் தவிர வேற கை படக்கூடாது" என்பது அவர் சட்டம். மெக்கானிக்குகள் மேல் அவருக்கு அப்படியொரு அவநம்பிக்கை. "தலைவலின்னு போனா தலையவே கழட்டுவானுங்க" என்பார். இத்தனைக்கும் டாக்டர்களைப் பற்றி அவர் சொல்வதும் இதேதான். டாக்டரிடம் போகப் பயந்தவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். எல்லாரும் அவரை டாக்டரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் மறுத்ததில்லை.

கல்லாவுக்குப் பின்னால் நின்றால் மனிதர் ஞானிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து, உடனே நிற்கிற மாதிரி ஒரு மாத்திரை கேட்டால் தரமாட்டார். "வர்றத அடைக்கக் கூடாதுங்க. உள்ள ஏதோ சரியில்லன்னுதான் உடம்பு வெளிய தள்ளுது. அடைச்சா உள்ளயே கெடும்" என்று சொல்லி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார். ஊருக்குத்தான் உபதேசம்.

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிப்பதும், மாத்திரை அட்டையின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் அவள் வேலை. உண்மையில் கடை ஓடியது அவள் கண்ணால்தான். அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது. ஒரு கண்ணில் கொஞ்சம், மற்றதில் நிறைய. உலகம் பால் ஊற்றின மாதிரி ஆனது. ஒருநாள் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து கேட்டவளுக்குக் காது மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். வந்தவள் படித்துப் பார்த்துத் திருப்பித் தந்ததால் விபரீதம் தப்பியது.  அதன் பிறகு எந்த மருந்தையும் அவள் தொடவில்லை. கடை முனையில் ஸ்டூலைப் போட்டு, பஞ்சு உருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆபரேஷன் பண்ணிட்டு வந்து எடுத்துத் தரேன்" என்றாள்.

"பண்ணிரலாம், பண்ணிரலாம். மொதல்ல இந்தச் சொட்டு எங்கருந்து வருதுன்னு பாத்துக்கறேன்" என்றார் அவர்.

சொட்டு வந்தது தண்ணீர் பம்பிலிருந்து. என்ஜின் கொதிக்காமல் அதைச் சுற்றிக் கூலன்ட் கலந்த பச்சைத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கிற பம்ப் அது. அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகச் சொட்டும். பம்பை மாற்று என்று அது கெஞ்சுகிற கெஞ்சல் அது. காரோடு வந்த தடிப் புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறது. அவர் படிக்காமல் இல்லை. "பொஸ்தகம் எழுதறவனே பம்பு விக்கறவன்தானே" என்று மூடி வைத்துவிட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லாந்து படுத்து, பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் குழி அடைக்கிற பசையைக் குழைத்து, அந்தத் துளையை அடைத்தார். மறுநாள் அட்டை வெள்ளை வெளேரென்று வந்தது. "பாத்தியா? ஒரே டோஸ்" என்றார்.

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வர்றத அடைக்கக் கூடாதும்பீங்களே."

"அது மனுசனுக்கு."

அடைத்த நாளிலிருந்து காருக்குள் ஒரு தித்திப்பு வாடை. அவர் மோந்து பார்த்து ஒன்றுமில்லை என்றார். கண் போனவளுக்கு மூக்கு கூர்மை. "யாரோ சிரப்பக் கொட்டின மாதிரி இருக்குங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் மெல்ல எழுந்திருக்கும். அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. குளிருக்குப் போடும் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிடுவார். என்ஜினின் சூடு உள்ளே வரும், முள் இறங்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், ஊரே ஏசியில் போகையில், இவர்கள் இருவரும் அடுப்புக்குள் உட்கார்ந்து போவார்கள். "ஒத்தடம் குடுக்கறேன், பொறுத்துக்கோ" என்பார் அவர். ஒத்தடம் காருக்கு, வேர்வை அவளுக்கு.

கண் ஆபரேஷன் செய்கிற டாக்டர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவைதான் வருவார். போன மாதம் பாதி வழியில் முள் ஏறியது. "அவளுக்கு முடியல" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அவளுக்கு என்று அவர் சொன்னது காரை.  இந்த மாதம் தேதி வந்ததும் அவள் தம்பி வந்து நின்றான். கார் ஓட்டக் கற்றுத் தருகிற பள்ளி வைத்திருக்கிறவன். கூரை மேல் பலகை வைத்த, அடிபட்டு அடிபட்டுப் பழகிய வெள்ளைக் குட்டிக் கார் ஒன்று அவனுடையது.

"அத்தான், நான் கூட்டிட்டுப் போறேன். உங்க வண்டி எதுக்கு?"

"மச்சான், ஒங்க வண்டியில போனா ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிக்கற அன்னிக்குத்தான் போய்ச் சேரும்" என்று சிரித்தார் மருந்துக்கடைக்காரர். மனைவி சிரிக்கவில்லை. "இந்தத் தடவையும் திரும்பினீங்கன்னா, நான் எறங்கி நடந்துருவேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்பதுதான் சரி. அடைத்துவைத்த தண்ணீர் போக வழியில்லாமல் உள்பக்கம் பேரிங்கில் இறங்கி, அதைத் தின்றுவிட்டிருந்தது. ஊரைத் தாண்டி, பெரிய சாலை ஏறியதும் முன்பக்கம் ஒரு கீச்சொலி எழுந்தது. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கீச்சொலி ரேடியோவைத் தாண்டியது. ஹீட்டரைத் திருப்பினார். அடுத்த நிமிடம் பம்ப் இறுகி நின்றது, அதைச் சுற்றுகிற பெல்ட் அறுந்து டப்பென்று அடித்தது, ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது, என்ஜின் மூடியின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது. சாலையோரத்தில் ஒரு டயர்க் கடை வாசலில் பறக்கும் சாதிக் கார் பெருமூச்சு விட்டுப் படுத்தது.

இறங்கி ஓடி, என்ஜின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டர் மூடி மேல் கைக்குட்டையைப் போட்டார். மனைவி பின்னாலேயே வந்து அவர் முழங்கையை இழுத்தாள். "காய்ச்சல்ல கொதிக்கறவன் வாயத் தெறக்காதீங்க. மூஞ்சி வெந்துரும்" என்றாள். அவருக்கு ஆவியில்தான் கண் நிறைந்தது என்று வைத்துக்கொள்வோம்.

"அதிக வேகம் தாங்காம..." என்று ஆரம்பித்தார். ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. 

அவள் சாலையைப் பார்த்து நின்றாள். பால் நிறத்தில் உருவங்கள் ஓடின. எது பஸ், எது லாரி என்று தெரியவில்லை. இன்னும் ஒரு மாதம் பஞ்சு உருட்ட வேண்டும். நடந்துவிடுவேன் என்று வீறாப்பாகச் சொன்னவளுக்கு, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை. ஆத்திரத்தோடு பையிலிருந்து போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நம்பரு கண்ணுக்குத் தெரியல. நீங்களே போடுங்க. என் தம்பிக்கு."

அவர் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான போன் அதுதான்.

தம்பி வந்துவிட்டான். ஆனால் வண்டியை அவன் ஓட்டி வரவில்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். "பாடம் நடந்துட்டு இருந்துச்சு அத்தான். பாதியில எறக்கிவிட முடியுமா? ஏறுங்க" என்றான். மருந்துக்கடைக்காரர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. ஏறினார்.

டீச்சர் கண்ணாடியைச் சரிபார்த்தார். சீட் பெல்ட்டைச் சரிபார்த்தார். பின்னால் இருந்தவர்களின் பெல்ட்டையும் விசாரித்தார். யாருமில்லாத சாலையில் சிக்னல் போட்டு, மாட்டு வண்டியும் வெட்கப்படுகிற வேகத்தில் கிளம்பினார். மருந்துக்கடைக்காரரின் வலது கால் தன்னையறியாமல் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தது. "கொஞ்சம் அழுத்தலாமே டீச்சர்" என்றார் மெதுவாக.

"பின் சீட்ல பேச்சு வேணாம்" என்றார் டீச்சர்.

சூடு காட்டும் முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் முன்னிருக்கைகளின் நடுவே தலையை நீட்டி, ஆஸ்பத்திரி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி ஆளாக அவளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கட்டோடு அவளை வெளியே கூட்டி வந்த நர்ஸ், "காலையில கட்டப் பிரிச்சு, ஒடனே இந்தச் சொட்டு மருந்த விடணும். மறக்கக் கூடாது" என்று தம்பியிடம் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "மருந்து விசயம் எங்கிட்ட விடுங்க" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத முகம். சிவப்புக் கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு ஒரு பட்டறைக்குப் போனது. கப்பலில் பம்ப் வரும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும், வேறு வேறு கைகள் அதன் மேல் படும். அக்காவுக்குத் துணையாகத் தம்பி அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினான். சிவப்புக் கார் நிற்கிற இடத்தில் வெள்ளைக் கார் நின்றது.

காலையில் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். மருந்துப் புட்டி மேசை மேல் இருந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டாள்.  இன்னொரு முறை கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, தானே கட்டைப் பிரித்தாள்.

வெளிச்சம் வந்து விழுந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது, அவள் நினைத்ததைவிட அழுக்காகவும் இருந்தது. புட்டியை எடுத்தாள். ஓரத்தில் பொடியாக அச்சடித்திருந்த தேதியை வாய்விட்டுப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.  இதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கன்னத்தைத் தரையோடு ஒட்டி, வெள்ளைக் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அந்தக் கன்னத்தில் முள்முள்ளாக இத்தனை நரை இருப்பது அவளுக்குத் தெரியாது. அட்டையை இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. முகம் தொங்கிப்போனது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து, குழந்தைகளுக்கு மருந்து விடுகிற சின்னச் சொட்டுக் குழாயை எடுத்தார். உள்ளே பச்சையாக ஏதோ இருந்தது. கை நடுங்காமல், அட்டையின் நடுவில் ஒரே ஒரு சொட்டு விட்டார். அது பரவட்டும் என்று வாயால் ஊதினார். பிறகு அட்டையை மறுபடி காருக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மச்சான், கொஞ்சம் வெளிய வாங்க. பதறாதீங்க" என்று குரல் கொடுத்தார்.

உள்ளறையில் தம்பி செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். பிரித்து வைத்த கட்டை எடுத்து, அந்தக் கண் மேலேயே திரும்ப வைத்துக்கொண்டாள்.