கிரில்லுக்குள் பூசணிக்காய்

என் காருக்குத் திருஷ்டி பட்டிருக்கிறது என்று நான் நம்பினேன். இதை எழுதும்போதே காது மடல் சூடாகிறது. செங்கல்பட்டில் யாராவது வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். தினம் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பூசணிக்காய்க்குக் கண் இருக்கிறதா, மிளகாய்க்கு மூளை இருக்கிறதா என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைப்பேன். எழுபதுகளில் அப்படிப் பேசினால் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையோடு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, காருக்குச் சூடம் சுற்றிப் போட்டவனும் நான்தான்.

கார் எனக்கு முன்னால் நாலு பேர் ஓட்டித் தேய்த்த பழைய கறுப்பு வண்டி. சூடு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. கொதிப்பது தெரிய வேண்டுமென்றால் முன்னாலிருந்து ஆவி வர வேண்டும். வாங்கிய இரண்டாம் மாதம் கொளவாய் ஏரிக்கரையில் ஆவி வந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, விசிறியைச் சுற்றும் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். விசிறி விர்ரென்று சுற்றியது. விஷயம் அதோடு முடிந்தது. நானும் அதோடு நின்றிருக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பயம். நான் காரை வாங்கிய அன்றே எதிர்வீட்டுக்காரர், "பரவாயில்லையே, உங்களுக்கும் காரா!" என்று கேட்டிருந்தார். அந்த 'உங்களுக்கும்' என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெல்ட் மாற்றிய அன்றைக்கே ஒரு சின்னப் பூசணிக்காய் வாங்கினேன். வெளியே கட்டினால் டீக்கடையில் மானம் போகும். பானெட்டைத் திறந்தால், முன்பக்கக் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. அங்கே கட்டித் தொங்கவிட்டேன். யாருக்கும் தெரியாது. திருஷ்டிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பத்து நாளில் மறுபடியும் கொதித்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. விசிறி சரி, பெல்ட் சரி, அப்படியானால் திருஷ்டி பெரிது என்று கணக்குப் போட்டேன். எலுமிச்சை மிளகாய் சரம் ஒன்று சேர்ந்தது. அப்புறமும் கொதித்தது. பழைய செருப்பு ஒன்று, கறுப்புக் கயிறு ஒரு பந்து, கடைசியாகச் சந்தையில் வாங்கிய தகர பூத முகம் ஒன்று. சாப்பாட்டுத் தட்டு அளவு. நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அதை ரேடியேட்டருக்கு நேரே நிறுத்தி வைத்தேன். ரேடியேட்டரில் லேசாகக் கசிவு வேறு. அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதால் ஒரு பிடி மஞ்சள் தூளையும் அதன் தண்ணீரில் போட்டேன். கூடவே காரில் ஒரு நாற்றம் ஆரம்பித்தது. முந்தின மாதம் சிநேகிதன் ஒருவன் காரில் மீன் கூடை ஏற்றியிருந்தான். பழியை அவன் மேல் போட்டேன்.

அந்தச் சிநேகிதன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் வியாபாரம் செய்பவன். இருபது வருஷப் பழக்கம். அவன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை செங்கல்பட்டில் தன் அத்தை வீட்டில் இருந்தான். பெண் வீட்டார் வண்டி அனுப்பி மாப்பிள்ளையை அழைத்து வருவதுதான் வழக்கம்.

"உன் வண்டிதான்டா வரணும்," என்றான் சிநேகிதன். "மாப்ள பஸ்ஸுல வந்து எறங்குனா குப்பமே சிரிச்சிடும். ஒம்போதுக்குள்ள தாலி கட்டணும். கொண்டாந்து சேத்துடு."

சேர்க்கிறேன் என்று நெஞ்சைத் தட்டினேன்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் காரின் முன்பக்கம் முழுக்கச் சாமந்திச் சரங்களைத் திரைபோலத் தொங்கவிட்டார்கள். கிரில்லே தெரியவில்லை. பட்டு வேட்டி சட்டையில் மாப்பிள்ளை பின்னால் ஏறினான். பக்கத்தில் அவன் அத்தை. செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கூட்டாளிகள் பஸ்ஸுக்குப் போனார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டி மூன்று மைல்கூடப் போகவில்லை, சாமந்திப் பூக்களுக்கு நடுவிலிருந்து சாம்பிராணி போட்ட மாதிரி ஆவி வந்தது.

"சாமி வந்துடிச்சா வண்டிக்கு?" என்றார் அத்தை.

மணி ஏழு. சாலையோர டீக்கடை ஒன்றின் எதிரே ஒதுக்கினேன். பதறுகிறவன் எதைச் செய்யக் கூடாதோ அதை முதலில் செய்வான். பானெட்டைத் தூக்கி, துண்டை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடி பறந்தது. நான் ஒரு பக்கம் குதித்தேன். கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் மேலே எழும்பி, பின்னால் நின்று எட்டிப்பார்த்த மாப்பிள்ளையின் சட்டையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. நல்லவேளை, விழுவதற்குள் ஆறியிருந்தது.

"மஞ்சத்தண்ணிய இங்கியே ஊத்திட்டியா நைனா? பொண்ணுக்கு இன்னா மிச்சம் வெச்சிருக்கே?" என்றார் அத்தை.

மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டான். திறந்த பானெட்டிலிருந்து ஒரு நாற்றம் வந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்றது. வேகவைத்த சாக்கடை மாதிரி. எனக்கே குமட்டியது. மத்தியானம் மலைக்கோயில் பிரசாதத்துக்கு வரும் குன்றத்துக் கழுகுகள் அதுவரை காத்திருக்காமல் இங்கே வந்துவிடும் என்று தோன்றியது.

அப்போது எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஐஸ் லாரிக்காரர் எழுந்து வந்தார். நரைத்த தாடி, தலையில் குல்லாய். குப்பங்களுக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவர். "இன்னா அண்ணாத்த, பேஜாரா? காட்டு, பாக்கிறேன்," என்றார்.

காட்டினால் பூத முகம் வெளியே வந்துவிடுமே! சாமந்தித் திரைக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டேன். "ஒண்ணும் இல்ல பாய். விசிறி சுத்துது பாருங்க. பெல்ட் புதுசு. கொஞ்சம் ஆறுனா கிளம்பிடலாம்."

"சுத்துனா சரி," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய் இன்னொரு டீ வாங்கினார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினேன். இருநூறு கெஜம் போனதும் மறுபடியும் சாம்பிராணி. தள்ளிக்கொண்டு டீக்கடைக்கே திரும்பி வந்தோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் தள்ளினான். மணி எட்டாகிவிட்டது.

"இந்த நாத்தத்துலதான் எனக்கு மூளையே ஓடல," என்று நான் எரிந்து விழுந்தேன். "பொண்ணோட அப்பன் ஒரு தடவ மீன் கூடையை ஏத்துனான். அன்னிலேர்ந்து வண்டி இப்படி நாறுது."

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இன்னா சொன்னே? மீன் நாத்தமா? முப்பது வருசமா மீன் வித்துகினு கீறேன். செத்த மீனு, அழுகுன மீனு, கருவாடு, எல்லாம் இந்த மூக்குக்குத் தெரியும். இது மீன் இல்ல. காய்கறி. எங்கியோ பூசணிக்கா அழுகிக்கினு கீது."

என் வாழ்க்கையில் எந்த டாக்டரும் அவ்வளவு சரியாக நோயைச் சொன்னதில்லை. முகத்தைப் பூ மாதிரி வைத்துக்கொண்டு, "பூசணிக்காய் எப்படி காருக்குள்ள வரும்?" என்று கேட்டேன்.

லாரிக்காரர் இதற்குள் வந்துவிட்டார். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. "வண்டிய ஸ்டார்ட் பண்ணு," என்றார். தன் இட்லிப் பொட்டலத்தின் செய்தித்தாளைப் பிரித்தார். சாமந்திச் சரத்தை ஒதுக்கி, தாளைக் கிரில் மேல் வைத்துக் கையை எடுத்தார். தாள் சும்மா கீழே விழுந்தது.

"விசிறி சுத்துனா போதுமா? காத்த இழுக்கணும். இழுத்தா பேப்பரு ஒட்டிக்கும். இங்க காத்து வர்ற வழி அடச்சிகினு கீது." சொல்லிக்கொண்டே எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சாக்கு ஒன்றை நனைத்துப் பிடித்துக்கொண்டு கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டார்.

முதலில் செருப்பு வந்தது. சூட்டில் வெந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அடுத்து மிளகாய்ச் சரம், கறுப்புக் கயிறு. அடுத்து, வெந்து அழுகிக் கூழாகி, ரேடியேட்டர் முகம் முழுக்க அப்பிக்கொண்டிருந்த பூசணிக்காய். அதில் புழுக்கள் வெந்து கிடந்தன. மாப்பிள்ளை ஓரமாகப் போய்க் காலை நாஸ்தாவை வெளியே விட்டான். கடைசியாக, கூழ் வழியும் நாக்கை நீட்டிக்கொண்டு என் தகர பூதம் வெளியே வந்து, சாலையில் நின்ற எல்லோரையும் பார்த்தது. டீக்கடையில் இருந்த ஆறேழு பேரும் வந்துவிட்டார்கள்.

"ஏன் அத்தே, இவருதானே மார்க்கெட்டுல நம்ம கடையில கட்டுன எலுமிச்சம்பழத்தப் பாத்துச் சிரிச்சவரு?" என்று மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டே அத்தையிடம் கேட்டான்.

"அவரேதான். ஊரு திருஷ்டி மொத்தத்தையும் சேத்து உள்ள வெச்சிகினு கீறாரு."

அந்தப் பூதத்தின் மூஞ்சியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கண்ணாடியில் சவரம் செய்யும்போது சில நாள் அதுவே தெரிகிறது.

லாரிக்காரர் ரேடியேட்டரைக் குச்சியால் சுரண்டிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, தாளை மறுபடியும் வைத்தார். இந்த முறை தாள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. "அவ்ளோதான். வண்டில ஒரு கொறையும் இல்ல. ஆனா இப்பவே பச்சத்தண்ணி ஊத்தாதே, எஞ்சின் பிளாக்கு வெடிச்சிரும். அர மணி ஆறட்டும்."

மணி எட்டேகால். அரை மணி ஆறி, அப்புறம் கடற்கரை வரை போனால் ஒன்பது தாண்டிவிடும். முதல் தடவை அவர் கேட்டபோதே விலகி நின்றிருந்தால் இந்நேரம் பந்தலில் இருந்திருப்போம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"பாய், உன் லாரி அந்தப் பக்கந்தானே போவுது?" என்றார் அத்தை.

"ஏறு தாயி. மாப்ளைய நடுவுல குந்த வெச்சிக்கலாம்."

அத்தை காரிலிருந்து சாமந்திச் சரங்களைப் பிடுங்கி லாரியின் முன்னால் கட்டப் போனார். லாரிக்காரர் தடுத்தார். "முன்னாடி வேணாம் தாயி. இப்பத்தானே பாத்தோம்? சைடு கண்ணாடில கட்டிக்கோ."

கண்ணாடியில் சாமந்தி ஆட, பின்னால் மரத்தூளும் ஐஸ் தண்ணீரும் ஒழுக, லாரி கிளம்பியது. நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி காத்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. கடைக்காரர் மட்டும், "அந்த பூதத்த எடுத்துகினு போயிடுங்க சார், நாறுது," என்றார்.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளை ஐஸ் லாரியிலிருந்து இறங்கித் தாலி கட்டினான். நான் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், வைக்க முடிந்தது. வழியில் கார் ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்.